பழைய வண்டி, ஃப்ரிட்ஜ் ஆன்லைனில் விக்கப் போறீங்களா? விற்பவர் பணமே பறிபோவது எப்படி? முழு விவரம்

பணம் கொடுக்கிறவர்தானே ஏமாறுவார், வாங்கிக்கிறவருக்கு என்ன பயம்? பழைய பொருளை ஆன்லைனில் விற்பனைக்குப் போடும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மோசடிக் கும்பலுக்கு வேண்டியதும் இந்த நினைப்புதான்.

நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் புது பைக் எடுத்துவிட்டார். அப்பா இத்தனை வருஷம் தோட்டத்துக்கு ஓட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் வாசலில் சும்மா நிற்கிறது. இரும்புக் கடைக்குப் போட மனசு வரவில்லை. நாலு போட்டோ எடுத்து, விலை ரூ.18,000 என்று எழுதி, ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ போடுகிறார்கள்.

பத்தே நிமிஷத்தில் போன் வருகிறது. "வண்டி இருக்கா சார்? போட்டோ பார்த்தேன், ரொம்ப பிடிச்சிருக்கு. விலை ஓகே. இப்பவே பணம் போட்டுடறேன், வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

இங்கேயே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். போனில் பேசியவர் பேரம் பேசவில்லை. வண்டியை ஓட்டிப் பார்க்கணும் என்று சொல்லவில்லை. ஆர்சி புக் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எது வரைக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 18,000 என்று சொன்னால் 12,000-ல் பேச்சை ஆரம்பிக்கிற ஊரில், பார்க்காமலே முழு விலை கொடுக்க ஒருவர் தயாராக இருக்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது வண்டி இல்லை.

அடுத்த கட்டம் நம்பிக்கை. "நான் ஆர்மில இருக்கேன் சார், டிரான்ஸ்ஃபர் ஆகி பக்கத்துல வர்றேன். நேர்ல வர முடியாது, நம்ம ஆள் வண்டி எடுத்துட்டு வந்து ஏத்திக்குவார்" என்கிறார். யூனிஃபார்மில் போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. ராணுவம், சிஐஎஸ்எஃப் என்றால் நம் ஆட்கள் சந்தேகப்பட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அட்டை போலியாக இருக்கலாம். இல்லையென்றால் இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒரு நிஜ வீரர் அனுப்பிய படமாகவும் இருக்கலாம்.

பிறகு, "அக்கவுண்ட் சரியா இருக்கான்னு செக் பண்ண அஞ்சு ரூபாய் அனுப்பறேன், பாருங்க" என்கிறார். அஞ்சு ரூபாய் நிஜமாகவே வந்துவிடுகிறது. வீட்டில் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். உடனே ஒரு க்யூஆர் கோட் வருகிறது. "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், 18,000 உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துடும்."

ஸ்கேன் செய்து, பின் போட்டால், 18,000 வருவதற்குப் பதில் போய்விடுகிறது. போனில் இருப்பவர் பதறுவது போல நடிக்கிறார். "அய்யோ, தப்பான கோட் அனுப்பிட்டேன் சார். வேற ஒண்ணு அனுப்பறேன், அதுல போட்டா ரெண்டும் சேர்த்து 36,000 வந்துடும்." பதற்றத்தில் இரண்டாவது முறையும் பின் போடுகிறவர்கள் உண்டு.

படிக்கும்போது 'இதுக்கெல்லாமா ஏமாறுவாங்க' என்று தோன்றும். ஏமாந்திருக்கிறார்கள்.

முதல்வர் வீட்டிலேயே நடந்தது

2021 பிப்ரவரி. அப்போதைய டெல்லி முதல்வர் அர்விந்த் கெஜ்ரிவாலின் மகள், பழைய சோபா ஒன்றை ஓஎல்எக்ஸில் விற்பனைக்குப் போட்டார். வாங்குவதாகச் சொன்னவர் முதலில் ஒரு சின்னத் தொகையை அனுப்பி நம்ப வைத்தார். அடுத்து க்யூஆர் கோட். ஸ்கேன் செய்ததும் ரூ.20,000 போனது. 'தப்பான கோட் போயிடுச்சு' என்று வேறொன்று அனுப்ப, இன்னொரு ரூ.14,000 போனது. மொத்தம் ரூ.34,000. டெல்லி போலீஸ் வழக்குப் பதிந்து, சில நாட்களில் மூன்று பேரைக் கைது செய்தது.

முதல்வரின் வீட்டில், நன்றாகப் படித்த ஒருவரிடமே இந்த வித்தை பலித்திருக்கிறது. அதனால் 'படிக்காதவங்கதான் ஏமாறுவாங்க' என்பதை முதலில் மறந்துவிடலாம். இது படிப்பு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. விற்பவர் பணம் வரும் என்று காத்திருக்கிறார். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட, காதில் என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் அந்த நேரத்தில் மனம் கேட்கிறது.

இந்த வகை மோசடியில் அடிக்கடி அடிபடும் பெயர் மேவாத். ஹரியானாவின் நூ, ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார், உத்தரப் பிரதேசத்தின் மதுரா பக்கம் எல்லாம் சேர்ந்த பகுதி அது. 2023 ஏப்ரல் 27 நள்ளிரவில் ஹரியானா போலீசார் சுமார் 5,000 பேர் நூ மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஒரே நேரத்தில் புகுந்து சோதனை போட்டார்கள். 66 பேர் கைதானார்கள். அவர்களிடம் கிடைத்த போன், சிம், அக்கவுண்ட் விவரங்களை வைத்துப் பார்த்ததில், நாடு முழுக்க சுமார் 28,000 பேரிடம் ரூ.100 கோடிக்கும் மேல் சுருட்டியது தெரிந்ததாக போலீஸ் சொன்னது. பழைய பொருள் விளம்பரத்தை வைத்து ஏமாற்றுவது அவர்களின் தொழிலில் ஒரு பிரிவு.

இந்தி பேசினால் உஷாராகிடலாம் என்று நினைக்க வேண்டாம். நல்ல தமிழில் 'அண்ணா, அக்கா' போட்டுப் பேசும் ஆட்களும் இதில் இருக்கிறார்கள்.

க்யூஆர் கோட் உண்மையில் என்ன செய்யும்?

மளிகைக் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடில் இருப்பது கடைக்காரரின் யுபிஐ முகவரி. சில கோடுகளில் எவ்வளவு ரூபாய் என்பதும் சேர்ந்திருக்கும். அதை நாம் ஸ்கேன் செய்தால் என்ன ஆகும்? அவருக்குப் பணம் போகும். வாட்ஸ்அப்பில் வரும் கோடும் அதேதான். பழைய கால மணியார்டர் ஃபாரத்தில் பெறுநர் பெயரை அவரே எழுதி உங்களிடம் நீட்டுவது மாதிரி. பின் நம்பர் என்பது அதில் நீங்கள் போடும் கையெழுத்து.

பணம் அனுப்ப பின் வேண்டும். பேலன்ஸ் பார்க்க பின் வேண்டும். பணம் வாங்குவதற்கு பின் தேவையே இல்லை. ஸ்கேனும் தேவையில்லை. உங்கள் மொபைல் எண்ணோ யுபிஐ ஐடியோ தெரிந்தால் போதும், பணம் தானாக வந்து சேரும். அந்த அஞ்சு ரூபாய் எப்படி வந்தது? நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யவில்லையே. அதே வழியில் 18,000 ஏன் வர முடியாது என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

முன்பெல்லாம் க்யூஆருக்குப் பதில் 'கலெக்ட் ரிக்வஸ்ட்' அனுப்புவார்கள். அதாவது, உங்களிடம் பணம் கேட்டு ஒரு கோரிக்கை ஆப்பில் வந்து நிற்கும். பணம் வரப்போகிறது என்று நினைத்து பின் போட்டால் பணம் போய்விடும். இதை வைத்து மோசடி பெருகியதால், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, 2019-ல் தனிநபர்களுக்கு இடையிலான இந்தக் கோரிக்கைக்கு ரூ.2,000 உச்சவரம்பு வைத்தது. பிறகு 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர் கோரிக்கையையே நிறுத்திவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் க்யூஆர் கோட் இன்னும் இருக்கிறது. ஒரு கதவுதான் மூடியிருக்கிறது.

'பணம் போட்டாச்சு, ஸ்கிரீன்ஷாட் பாருங்க'

இது நேரில் வந்தே செய்யும் மோசடி. ஆள் வருகிறார், பொருளைப் பார்க்கிறார், போனைத் தட்டுகிறார், பச்சை டிக் விழுந்த திரையைக் காட்டுகிறார். பொருளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். அக்கவுண்ட்டில் ஒன்றும் வந்திருக்காது. பேமெண்ட் ஆப் போலவே திரை காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. பெயர், தொகை எது கொடுத்தாலும் அச்சு அசலாகக் காட்டும்.

எஸ்எம்எஸ்ஸும் இப்படித்தான். 'உங்கள் அக்கவுண்ட்டில் ரூ.50,000 வரவு' என்று மெசேஜ் வரும். உடனே போன்: "அய்யோ, அஞ்சாயிரத்துக்கு பதிலா ஒரு சைபர் அதிகமா அடிச்சுட்டேன். ஆஸ்பத்திரி செலவுக்கு வெச்சிருந்த பணம்ங்க. 45,000 திருப்பி அனுப்பிடுங்க அண்ணா." நல்ல மனசு உள்ளவர்கள் உடனே அனுப்பிவிடுவார்கள். வந்த மெசேஜ் எந்த எண்ணில் இருந்து வந்தது என்று பார்த்தால் போதும். வங்கி மெசேஜ் எழுத்துகள் கொண்ட பெயரில்தான் வரும், 10 இலக்க மொபைல் எண்ணில் இருந்து வராது. அதையும் நம்பி உட்கார வேண்டாம். உங்கள் வங்கி ஆப்பையோ யுபிஐ ஆப்பையோ நீங்களே திறந்து பேலன்ஸ் பாருங்கள். ஏறியிருந்தால்தான் பணம்.

சரி, பணம் நிஜமாகவே தவறி வந்திருந்தால்? அப்போதும் சொல்கிற எண்ணுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. வங்கிக்குத் தகவல் சொல்லி, அனுப்பியவரை அவருடைய வங்கி மூலமாகக் கேட்கச் சொல்லுங்கள். காரணம் கீழே வருகிறது.

கார், பைக் விற்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

வண்டி விற்பனையில் நடக்கும் ஒரு மோசடியில் விற்பவர், வாங்குபவர் இருவருமே நல்லவர்கள். நடுவில் போனில் இருக்கும் மூன்றாவது ஆள்தான் திருடன்.

எருமப்பட்டியில் ஒருவர் 3 லட்சத்துக்கு கார் விற்பனைக்குப் போடுகிறார். திருடன் போன் செய்து, "எடுத்துக்கறேன். என் மச்சான் வந்து பார்ப்பான். அவன்கிட்ட விலை மட்டும் பேசிடாதீங்க, எங்களுக்குள்ள கொடுக்கல் வாங்கல் இருக்கு" என்கிறார். அதே போட்டோக்களை எடுத்து, 2.20 லட்சம் என்று தனியாக விளம்பரம் போடுகிறார். அதைப் பார்த்து சேலத்தில் ஒருவர் போன் செய்கிறார். "வண்டி எருமப்பட்டியில எங்க அண்ணன்கிட்ட இருக்கு, போய்ப் பாருங்க. அவர்கிட்ட விலை பேசாதீங்க, எங்க குடும்பப் பிரச்சினை" என்று அவரிடம் சொல்கிறார். சேலத்துக்காரர் வருகிறார், கார் பிடித்திருக்கிறது, அங்கேயே நின்று திருடன் சொன்ன அக்கவுண்ட்டுக்குப் பணம் அனுப்புகிறார். சாவியைக் கேட்டதும்தான் ரெண்டு பேருக்கும் விஷயம் புரிகிறது. அதற்குள் அந்த போன் ஸ்விட்ச் ஆஃப்.

பணம் போனது சேலத்துக்காரருக்கு. ஆனால் வழக்கு, விசாரணை, 'நீயும் கூட்டாளிதானே' என்ற சண்டை எல்லாம் விற்பவர் வாசலில்தான் நடக்கும். இதைத் தடுக்க ஒரே ஒரு கேள்வி போதும். வண்டி பார்க்க வந்தவரிடம் முகத்துக்கு நேராக, "உங்ககிட்ட என்ன விலை சொன்னாங்க?" விலை பேசாதே என்று யாராவது சொன்னால், அந்த விலையைத்தான் முதலில் பேச வேண்டும்.

வண்டி விற்றவுடன் வேலை முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இதற்குத்தான். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, 'பேர் மாத்திக்கறேன்' என்று சொன்னவரை நம்பி விட்டுவிடுகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். அந்த வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே டெலிவரி கொடுத்த தேதி, நேரம், வாங்கியவர் கையெழுத்து, ஆதார் நகல், கூட ஒரு போட்டோ. இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

'பழைய 5 ரூபாய் நோட்டு இருக்கா? நீங்க லட்சாதிபதி'

டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு, பழைய 1 ரூபாய் நாணயம் எல்லாம் லட்சக்கணக்கில் விலை போகும் என்று செய்திகள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். (செய்தித் தளங்களும் இதில் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.) பாட்டி பெட்டியில் இருந்த நோட்டை போட்டோ எடுத்துப் போட்டால், "ரூ.3 லட்சம் தர்றோம், ரிசர்வ் வங்கி அனுமதிக்கு முதல்ல கமிஷன் கட்டுங்க, அப்புறம் ஜிஎஸ்டி கட்டுங்க" என்று ஆரம்பிப்பார்கள். ரிசர்வ் வங்கி முத்திரையோடு கடிதமும் வரும்.

2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கியே இதை மறுத்து அறிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, தங்கள் சார்பில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று சொன்னது. இது நோட்டுக்கு மட்டும் இல்லை. கூரியர் கட்டணம், பேக்கிங் கட்டணம், 'ரீஃபண்ட் ஆகிடும்' என்று சொல்லும் டெபாசிட், எந்தப் பெயரில் வந்தாலும் பொருள் விற்கிறவர் முதலில் பணம் கட்டுவது என்பது வியாபாரத்திலேயே இல்லாத வழக்கம்.

பணம் வந்தாலும் சிக்கல் வருமா?

வரலாம். இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. வாங்கியவர் கொடுத்த பணம், வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால்? ஏமாந்தவர் புகார் கொடுத்ததும், அந்தப் பணம் எந்தெந்த அக்கவுண்ட்டுக்குப் போனது என்று போலீஸ் பின்தொடரும். அந்த வரிசையில் உங்கள் அக்கவுண்ட்டும் இருந்தால், தொகை முடக்கப்படும். சில நேரம் அக்கவுண்ட் முழுவதுமே முடங்கும். சம்பளம், பால் பணம், முட்டைப் பணம் எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதை விடுவிக்க, நீங்கள் பொருளைத்தான் விற்றீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, வாங்கியவர் விவரம் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் அலைச்சல்தான்.

அதனால்தான், வாங்குகிறவர் பெயரும் பணம் வரும் அக்கவுண்ட் பெயரும் ஒன்றா என்று பார்க்கச் சொல்கிறார்கள். 'எங்க முதலாளி அக்கவுண்ட்ல இருந்து வரும்', 'கூடுதலா போட்டிருக்கேன், மீதியை வேற நம்பருக்கு அனுப்பிடுங்க' என்றால் அந்த வியாபாரமே வேண்டாம்.

சந்தைக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

எருமப்பட்டிக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதன்சந்தை மாட்டுச் சந்தையில் யாரும் போட்டோ பார்த்து மாடு வாங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். பணம் கைக்கு வராமல் கயிறு கை மாறாது. அறிமுகம் இல்லாத ஆளாக இருந்தால் நடுவில் தெரிந்தவர் ஒருவர் நிற்பார். அதே ஆட்கள் போனில் விற்கும்போது மட்டும் இந்த எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

பொருளை நேரில் பார்க்க வரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வேண்டாம், பஸ் ஸ்டாண்ட், பெட்ரோல் பங்க், வங்கி வாசல் என்று ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள இடம், பகல் நேரம், கூட ஒருவர். பெரிய தொகை என்றால் வங்கிக்குள்ளேயே வைத்து முடித்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் போடும் போட்டோவில் வீட்டு எண், ஆர்சி புக், ஆதார் தெரியக் கூடாது. 'நம்பிக்கைக்காக' ஆதார், பான் போட்டோ கேட்டால் அனுப்பக் கூடாது, அதை வைத்து அடுத்தவரை ஏமாற்றுவார்கள். ஓடிபி சொல்லக் கூடாது என்பது இப்போது குழந்தைக்கும் தெரியும். ஏபிகே ஃபைல் இன்ஸ்டால் பண்ணச் சொல்வது, எனிடெஸ்க் போன்ற ஆப்பைப் போட்டு உங்கள் திரையைப் பார்ப்பது, இதில்தான் இன்னும் கவனம் வேண்டும்.

ஆன்லைன் வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதில் ரூ.500, 1,000 மட்டும் போட்டு, யுபிஐயை அதோடு மட்டும் இணைப்பது நல்ல யோசனை. தவறி பின் போட்டாலும் போவதற்கு அதில் ஒன்றும் இருக்காது.

போன் விற்பவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். யுபிஐ ஆப்களில் இருந்து வெளியேறி, கூகுள் அக்கவுண்ட்டை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே என்ன செய்வது?

திட்டு விழும் என்று வீட்டில் சொல்லாமல் ரெண்டு நாள் மறைப்பதுதான் பெரிய நஷ்டம். போன பணம் முதலில் ஒரு அக்கவுண்ட்டுக்குப் போய், அங்கிருந்து பலதாகப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். அது வரைக்கும்தான் அவகாசம்.

உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இது மத்திய அரசின் சைபர் நிதி மோசடி உதவி எண். உங்கள் வங்கி, அக்கவுண்ட், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் கேட்பார்கள். தகவல் போனதும் பணம் சென்ற வங்கிக்கு எச்சரிக்கை போய், அங்கே மீதம் இருக்கும் தொகையை நிறுத்தி வைக்க முயற்சி நடக்கும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். கூடவே உங்கள் வங்கிக்கும் சொல்லி யுபிஐயை முடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ள காவல் நிலையத்திலோ நாமக்கல் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ எழுத்துப்பூர்வமாகவும் புகார் கொடுங்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி, போன் வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

'வங்கி திருப்பிக் கொடுத்துடும்' என்று எண்ணி இருக்க முடியாதா? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியில், வாடிக்கையாளர் தவறும் இல்லாமல், வங்கி தவறும் இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ஆனால் ரகசிய விவரத்தைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போனால் வங்கியுடையது. க்யூஆர் மோசடியில் பின் போட்டது நீங்களே. விதி உங்களுக்குச் சாதகமாக இல்லை. ஆகவே முதல் 18,000 போனதும் போனைத் துண்டித்து 1930-ஐ அழைப்பதற்கும், 'திரும்ப வந்துடும்' என்ற பேச்சைக் கேட்டு அடுத்த கோடை ஸ்கேன் செய்வதற்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு நிமிஷம் ரொம்ப முக்கியம்.

போன் எண், யுபிஐ ஐடி, வாட்ஸ்அப் பேச்சு, அனுப்பிய க்யூஆர் கோட் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் கொடுத்ததும் வரும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் எங்கே போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணை அவசரத்தில் கூகுளில் தேடி அழைக்க வேண்டாம், அங்கும் போலி எண்கள் உண்டு. ஏடிஎம் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்தான் சரியானது. புகார் கொடுத்த சில நாட்களில், "உங்க பணத்தை மீட்டுட்டோம், ப்ராசஸிங் கட்டணம் 2,500 கட்டுங்க" என்று சைபர் போலீஸ் பெயரில் இன்னொரு போன் வரலாம். புகாரைப் பதியவோ பணத்தைத் திருப்பித் தரவோ போலீஸ் கட்டணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.